படபட அக்காவின் குணம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தவிர அதற்கு வேலை இல்லை. பேருந்து நிலையம் முழுவதற்கும் அவள் படபட அக்கா. ஓட்டுநர், நடத்துநர், பெட்டிக்கடைக்காரர், அவளைவிட வயதில் மூத்த டைம்கீப்பர் வரைக்கும் எல்லார் வாயிலும் அக்காதான். வீட்டில் கணவரும், கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும், ‘படபட’ என்றே கூப்பிட்டார். முதலில் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வைத்த ஆள் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

பேர் பொருந்தாமலும் இல்லை, அதுதான் வினை. நடைமேடைகளுக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மேஜை, ஒரு மைக், முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒரு மின்விசிறி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வராது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அறிவிப்பது அவள் வேலை. ‘பயணிகள் கவனத்திற்கு’ என்று அவள் ஆரம்பித்தால், பயணிகள் கவனம் திரும்புவதற்குள் அறிவிப்பு முடிந்திருக்கும். புரியவில்லை என்று கீழேயிருந்து யாராவது கையாட்டினால் மறுபடியும் சொல்வாள், அதே வேகத்தில். பிள்ளையைத் தவறவிட்ட தாய் படியேறி வந்தால், பிள்ளையின் சட்டை நிறத்தை மைக்கில் சொல்லிவிட்டு, மைக்கை மூட மறந்து அந்தத் தாயைத் திட்டவும் செய்வாள். நிலையமே கேட்டுச் சிரிக்கும். பிள்ளை கிடைத்ததும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, தாய்க்குத் தண்ணீர் கொடுத்து, முகம் கழுவச் சொல்லி அனுப்புவதும் அவள்தான்.

கணவர் ஒரு பேக்கரிக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். ‘சாப்பிடுறீங்களா’ என்ற கேள்வியை அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் தட்டு வைத்து, பரிமாறி, தானும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பாள். “ஏன் இப்படிப் படபடன்னு இருக்கே, கொஞ்சம் நிதானமா இரேன்” என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சண்டையாகச் சொன்னதில்லை. வெயில் அடிக்கிறது, மழை வருகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் செய்கிற அநியாயம் கொஞ்சமல்ல. பயந்தவளுக்கும் படபடப்பு, கோபக்காரிக்கும் படபடப்பு, அவசரக்காரிக்கும் படபடப்பு. நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டாலும் அதே படபடப்பு. கேட்கிறவர் தனக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடலாம். இரும்புப் படி ஏறினால் அவளுக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, சில நாள் கண்ணும் இருட்டியது. வருஷக்கணக்காக அப்படித்தான். தெருமுனை டாக்டரிடம் போனாள். “என்ன பண்ணுது?” என்றார். “படபடப்பா இருக்கு டாக்டர்” என்று ஆரம்பித்து, தன் கதை, கணவர் கதை, படிக்கட்டுக் கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் அவள் பேசுகிற வேகத்தைப் பார்த்தார். “டென்ஷனைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாரா என்று பிற்பாடு மகள் கேட்டபோது அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஒருநாள் மத்தியானம், ‘மூன்றாம் நடைமேடையில்’ என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திவிட்டாள். ஒலிபெருக்கியில் நாற்காலி விழுந்த சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. அவள் பேச்சு பாதியில் நின்று அந்த நிலையம் கேட்டதே கிடையாது. கீழே இருந்தவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. டைம்கீப்பரும் ஓட்டுநர்கள் சிலரும் படியேறி ஓடினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாயும் வைத்துப் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் புறப்படுகிற வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அவளுடையது சுண்ணாம்பு படிந்து இறுகி, கதவு பாதிகூடத் திறக்காத நிலைக்கு வந்திருந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து, அதை எடுத்துவிட்டு, மாட்டின் இதய உறையில் செய்த புது வால்வை வைத்துத் தைத்தார்கள். “மாடு மாதிரி உழைச்சா, இப்ப மாட்டையே உள்ள வச்சுட்டாங்க” என்று கணவர் வெளியே பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது அவள் துடிப்பு ஒருமுறை தாறுமாறாக ஓடியது. மருந்து ஏற்றியதும் அடங்கியது. அரை மயக்கத்தில் கிடந்த அவளுக்கு அது எப்படி இருந்தது என்றே தெரியாது. வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு நர்ஸ் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்.

“இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் இது சகஜம்மா. ஆனா திரும்ப வரலாம். வீட்டுல துடிப்பு தப்புச்சுன்னா உடனே எங்களுக்குச் சொல்லணும். தள்ளிப்போடக் கூடாது. துடிப்பு தப்பினா ரத்தம் உள்ளயே தேங்கிக் கட்டியாயிடும். அது மூளைக்குப் போச்சுன்னா கை கால் போகும், பேச்சும் போகும்.”

கை கால் போகும் என்பதைவிட, பேச்சு போகும் என்பதுதான் அவளுக்குத் திக்கென்றது. இத்தனை வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது அந்தப் பேச்சுதான். துடிப்பு தப்பினால் சொல்ல வேண்டும், துடிப்பு தப்பினால் சொல்ல வேண்டும் என்று வண்டியில் வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆனால் அவள் பேருந்து நிலையத்துக்காரி. அங்கே ‘தப்புவது’ என்றால் அர்த்தம் ஒன்றுதான். ‘இந்த டிரிப் தப்பிடுச்சு’ என்று டைம்கீப்பர் கீழேயிருந்து சொன்னால், வரவேண்டிய வண்டி வரவில்லை, நடைமேடை காலி, ஜனம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அதனால் துடிப்பு தப்புவது என்றால் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகப் போவது என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அந்தக் காலியிடத்தைத் தேடினாள். ஒருநாளும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் களைப்பு ஆரம்பித்தது. வலிக்கும் என்று எல்லாரும் எச்சரித்திருந்தார்கள். இப்படிக் களைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. படுக்கையில் கையை ஊன்றி எழக் கூடாது, எலும்பு இன்னும் ஒட்டவில்லை. பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, யாராவது முதுகைத் தாங்கினால்தான் எழ முடியும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். தலை வாரக் கை மேலே போகாது. பல் தேய்த்த களைப்பில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த களைப்பில் படுத்தாள். ஓய்வெடு ஓய்வெடு என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, ஓய்வெடுத்தே ஓய்ந்துபோனாள். பால் பொங்கி வழிந்ததற்கு ஒருநாள் அழுதாள். கணவர் அடுப்பைத் துடைத்துவிட்டு, வேறு பால் வாங்கி வரப் போனார். அவர் திரும்பி வரும்வரை அழுதாள்.

மகள் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் இருந்தாள். கைபேசிக் கடையில் வேலை. காலையில் கடைக்குப் போகுமுன் வந்து, அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டுப் போவாள். வாரிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் சீப்பைப் பிடித்தபடியே கண்ணை மூடியிருப்பாள். ‘போடி, போய்க் கொஞ்சம் தூங்கு’ என்றால் ‘தூங்கவா செஞ்சேன், சிக்கெடுத்துட்டிருந்தேன்’ என்பாள். இவளுக்கு இனிமேலும் ஒரு தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அம்மா நினைத்துக்கொள்வாள்.

டைம்கீப்பர் பார்க்க வந்தார். அறிவிப்பு வேலையை இப்போது அவர்தான் சேர்த்துப் பார்க்கிறார். “நான் மைக்கைப் பிடிச்சா, யாரோ செத்த தகவல் சொல்ற மாதிரி இருக்குன்னு ஜனங்க சொல்றாங்க அக்கா. சீக்கிரம் வந்துடுங்க” என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஒரு வாக்கியத்துக்கு நடுவிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. நிறுத்தி, மூச்செடுத்து, மீதியைச் சொன்னாள். அவர் சங்கடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு, “இப்பதான் நிதானமாப் பேசுறீங்க, கேக்க நல்லா இருக்கு” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு மட்டும், யாரோ வேறொரு பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. அவர் போனபிறகு கண்ணாடியைப் பார்த்தாள். வெளுத்த முகம், மெதுவாகத் திரும்புகிற கழுத்து. இது யார் என்று நினைத்தாள்.

அறுவை செய்த டாக்டரிடம் பரிசோதனைக்குப் போனார்கள். தையல் ஆறியிருந்தது. நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுத்த வரைபடமும் அந்த நேரத்துக்கு ஒழுங்காகவே இருந்தது. கணவர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் நின்றார்கள். டாக்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“மூச்சு வாங்குதா?”

“நடந்தா வாங்குது டாக்டர்.”

“கால் வீங்குதா?”

“இல்ல.”

“படபடப்பு இருக்கா?”

“அது என்கூடவே பொறந்ததாச்சே டாக்டர்.”

கணவர் சிரித்தார். மகள் சிரித்தாள். டாக்டரும் சிரித்துவிட்டு, பசிக்கிறதா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார். பதிலுக்கு ஒரு வேடிக்கைதான் கிடைத்தது. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்கு அவள் சொல்லி வந்த பதில் அதுதான், வாய் பழகிவிட்டது. அந்த அறையில் இருந்த யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அதை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

மத்தியானங்களில்தான் அது வந்தது. கணவர் ரொட்டி வண்டியோடு போயிருப்பார், மகள் கடையில் இருப்பாள். சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். திடீரென்று நெஞ்சுக்குள் பையில் போட்ட மீன்போல ஒன்று துள்ள ஆரம்பிக்கும். கை நடுங்கும், தொண்டைவரைக்கும் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். அடங்கியபிறகு பிழிந்துபோட்ட துணியாகக் கிடப்பாள். அப்போதும் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கத்தான் செய்தாள். காலியிடம் எதுவும் இல்லை. எல்லா வண்டியும் ஒரே நடைமேடைக்கு முண்டியடித்துக்கொண்டு வருகிற மாதிரிதான் இருந்தது. இதையா தப்புவது என்பார்கள்? இது அவளுக்குத் தெரிந்த சங்கதி. இது படபடப்பு.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. மெதுவாகத் திரும்புகிற அந்த யாரோ போய், தான் திரும்பி வருவதாக நினைத்தாள். உடம்பு குணமாகிறது, கூடவே தன் பழைய குணமும் வருகிறது என்று நினைத்தாள். ஒருநாள் சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, “மத்தியானம் கொஞ்சம் படபடன்னு வந்துச்சு” என்றாள்.

“வந்துடுச்சா? அப்போ தேறிட்டேன்னு சொல்லு” என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அன்றைக்கு விற்காமல் மிஞ்சிய ரொட்டியைப் பிரித்து, அவளுக்கு ஒரு துண்டு கொடுத்து, தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் களைப்பு மட்டும் குறையவில்லை. நாளுக்கு நாள் கூடியது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு அறுவை செய்தவர்களுக்கென்று ஒரு பயிற்சிக் கூடம் உண்டு. மெதுவாக நடப்பார்கள், சக்கரம் மட்டும் சுழல்கிற சைக்கிளை மிதிப்பார்கள். அங்கே இருந்த நர்ஸ் சிரிக்காத பெண்மணி. யாரையும் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்க மாட்டாள், வருகிறவர்கள் எல்லாரும் ‘நல்லா இருக்கேன்’ என்றே சொல்லித் தொலைப்பதால். அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. அக்கா போன அன்றைக்கு, மேஜைக்கு எதிரே உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அந்த நேரத்துக்கு நாடி ஒழுங்காகத்தான் இருந்தது.

“வீட்டுல இருக்கும்போது நெஞ்சு அடிக்கிறது தெரியுமா?”

“தெரியும் சிஸ்டர். மத்தியானத்துல படபடன்னு இருக்கும். அது எனக்கு வழக்கம்தான்.”

“வாயால வேணாம்மா. இங்க வர்ற ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வார்த்தை சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியறதில்ல. எப்படி அடிக்குதோ அதை அப்படியே மேஜையில தட்டிக் காட்டுங்க.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சுவர் ஓரமாக அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு விரலால் தட்டினாள். டக், டக், டக்.

“இது இப்ப. மத்தியானம் எப்படி?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் வேகமாக மூன்று நான்கு தட்டியது. தயங்கியது. ஒன்று தட்டியது. உடனே ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து, பிறகு மெலிதாக ஒன்று, பிறகு எந்தக் கணக்கிலும் சேராமல் தடதடவென்று. சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே இருக்கும்போது அவளாகவே இருந்த ஒன்று, வெளியே மரத்தில் கேட்கும்போது வேறாக இருந்தது. மாதக்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில் அவள் தன் நெஞ்சைக் காதால் கேட்டதே இல்லை. விரல் தானாக நின்றது.

“சிஸ்டர், இதுதான் துடிப்பு தப்புறதா?”

“ஆமாம்மா.”

“தப்பினா நடுவுல காலியா இருக்கும்னு நினைச்சேன்.”

நர்ஸுக்கு அது விளங்கவில்லை, விளக்கிச் சொல்ல அக்காவுக்கும் தெம்பில்லை. நர்ஸ் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். கணவர் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மடியிலிருந்த பை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

நாள் முழுக்க நெஞ்சோடு மாட்டிக்கொள்கிற ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். அது எல்லாவற்றையும் பதிந்துகொண்டு வந்தது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். சின்னதாக ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் அதற்கு முன் உள்ளே இரத்தக் கட்டி இல்லை என்று பார்த்துவிட வேண்டும். தொண்டை வழியாகக் குழாயை இறக்கிப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. சின்னதுதான். இப்போது அதிர்ச்சி கொடுத்தால் அதுவே கிளம்பி மூளைக்குப் போய்விடலாம். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைச் சாப்பிட்டு, அது கரைகிறவரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அவ்வளவும் களைப்பு. இப்போது நடுக்கம் மத்தியானத்தோடு போகவில்லை, நாள் முழுக்க இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கண்ணைத் திறக்குமுன் அவள் வாய்க்குள்ளேயே ஓர் அறிவிப்பைச் சொல்லிப் பார்ப்பாள். பயணிகள் கவனத்திற்கு, இரண்டாம் நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். வார்த்தை குழறாமல் வரிசையாக வந்தால் பேச்சு போகவில்லை என்று அர்த்தம். அப்புறம்தான் எழுவாள். அது தனக்கு மட்டும் கேட்பதாக நினைத்திருந்தாள். கணவர் சமையலறையில் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அறிவிப்பு முடிகிறவரை அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது. அவருக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

ஒருநாள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் அங்கேயே நின்றார். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. வழக்கம்போல அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். முன்னைப்போல் இருந்திருந்தால் அவர் சொல்ல வந்ததை அவளே சொல்லி முடித்திருப்பாள். இப்போது அவளுக்கும் அவசரமில்லை, காத்திருந்தாள்.

“உன்னைத்தான் சொல்றேன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார். “படபடன்னு இருக்காதேன்னு. உன் நெஞ்சைத்தான் சொல்லிட்டிருந்திருக்கேன்.”

“நானும் என்னைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

“ஒரு தடவையாவது நின்னு, என்ன பண்ணுதுன்னு கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தாலும் நான் ஏதாவது வேடிக்கையாத்தான் சொல்லியிருப்பேன். இப்ப அதையெல்லாம் பேசத் தெம்பில்ல. தண்ணி குடுங்க.”

கொடுத்தார். மன்னிப்பது என்றால்கூட உடம்பில் கொஞ்சம் வலு வேண்டியிருக்கிறது. அவளிடம் மாத்திரை விழுங்குகிற அளவுக்குத்தான் இருந்தது.

மறுபடி குழாய் இறக்கிப் பார்த்தபோது கட்டி கரைந்திருந்தது. அன்றைக்கே லேசாக மயக்கம் கொடுத்து அதிர்ச்சி வைத்தார்கள். கண் விழித்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸின் கையைப் பிடித்தாள்.

“சிஸ்டர், நெஞ்சு நின்னுபோச்சா?”

“ஓடிட்டுத்தான்மா இருக்கு. அங்க பாருங்க, ஒழுங்கா ஓடுது.”

திரையில் பச்சைக் கோடு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். இப்படி ஓர் அமைதி உடம்புக்குள் இருக்க முடியும் என்றே அவளுக்குத் தெரியாது. எல்லாரும் இப்படித்தான் இருந்துகொண்டிருந்தார்களா? இந்த அமைதியை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவளைப் பார்த்து நிதானமாக இரு, நிதானமாக இரு என்று சொல்லிக்கொண்டிருந்தார்களா? அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் எது தான், எது அந்தக் கெட்டுப்போன வால்வு என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். பேச்சு வேகம் யாருடையது? அந்தத் தாய்மார்களைத் திட்டியது யார்? பிரிக்க முடியவில்லை. கோபப்படவும் களைப்பாக இருந்தது, விட்டுவிட்டாள்.

அறுவை செய்த டாக்டர் வந்தார், திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

“இது எனக்கு எப்பலேர்ந்து டாக்டர்?” என்று கேட்டாள்.

“துடிப்பு தப்பினது ஆபரேஷனுக்கு அப்புறம்தான். ஆனா வால்வு பிறவியிலேயே அப்படிம்மா. எல்லாருக்கும் அதுல மூணு இதழ் இருக்கும், உங்களுக்கு ரெண்டுதான். அதனாலதான் சீக்கிரம் இறுகிப்போச்சு. ரொம்ப வருஷமாவே உங்க நெஞ்சு முக்கி முக்கித்தான் அடிச்சிருக்கும். நீங்க படியேறினா வரும்னு சொன்ன படபடப்பெல்லாம் அதுதான். சில குடும்பத்துல இது ரத்த வழியா வர்றதும் உண்டு. அதை அப்புறம் பேசலாம், இப்ப ரெஸ்ட் எடுங்க” என்றார். அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

கணவர் ஸ்டூலை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தார். அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கோடு சீராகப் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் கடையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள், கழுத்தில் கடை அடையாள அட்டைகூட இன்னும் தொங்கியது.

“லிஃப்ட் வரவே இல்ல, படியிலயே ஓடி வந்துட்டேன். முடிஞ்சுதா? சரியாயிடுச்சா? டாக்டர் என்ன சொன்னாரு? வலிச்சுதாம்மா?” என்று கேட்டவள், கட்டில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “இருங்க, இருங்க. ஒரு நிமிஷம். படபடன்னு வருது.”

கணவருக்கு எல்லாம் முடிந்த நிம்மதி. சிரித்துக்கொண்டே, “அப்படியே உங்கம்மா” என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கொஞ்சம் வெளுத்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

“எத்தனை நாளாடி?” என்றாள்.

“எது?”

“படியேறினா இப்படி வர்றது.”

“இது என்னம்மா புதுசாக் கேக்குறே” என்று மகள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். “எனக்கு எப்பவுமே இப்படித்தானே.”

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். ஸ்டூல் காலியாக இருந்தது. அவர் டாக்டரைத் தேடிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார்.